தலையாட்டிக் கெடுத்த கொத்துப் பரோட்டா

எங்கள் ஊர்ப் பக்கம் 'சரி' என்பதை வாயால் சொல்லும் வழக்கம் அவ்வளவாகக் கிடையாது. தலையால்தான் சொல்வோம். அதுவும் மேலும் கீழுமாக இல்லை. இடது தோளுக்கும் வலது தோளுக்கும் நடுவில், கழுத்தில் ஏதோ ஒரு ஸ்குரூ லூசாகிவிட்டதுபோல ஓர் ஆட்டம். சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஓர் ஆட்டம். நாளைக்கு வருவியா என்று கேட்டால் இன்னோர் ஆட்டம். வரமாட்டேன் என்பதற்கும் கிட்டத்தட்ட அதே ஆட்டம்தான், கேட்டவர்தான் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். (வெளியூர்க்காரர்கள் இதை நம்பி மறுநாள் பஸ் ஸ்டாப்பில் காத்துக் கிடப்பதுண்டு.)

இந்த வித்தையில் எங்கள் குடும்பத்திலேயே நான் பெரிய ஆள். போனில் பேசும்போதுகூடத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சும்மா நிற்பேன். எதிர்முனையில் இருப்பவர் லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடுவார். அம்மா இதற்காகத் திட்டுவாள். தலையாட்டுவதால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் அலட்சியமாகத்தான் இருந்தேன். அந்தத் தலை ஒரு சனிக்கிழமை காலையில் என் சிநேகிதனின் ஆசையைக் கவிழ்த்துப் போடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சிநேகிதன் பெயர் கார்மேகம். ஒத்தக்கடைப் பக்கம் ஒரே கல்லூரியில் படித்தோம். அவன் அப்பா மேலூர் ரோட்டில் ஒரு கடையில் பரோட்டா மாஸ்டர். கடையின் பின்பக்கம் மைதா மூட்டைமேல் உட்கார்ந்து பாடம் படித்தவன் கார்மேகம். தோசைக்கல்லில் இரண்டு தகடுகளும் மாறி மாறி விழும் அந்தக் கொத்துச் சத்தத்திலேயே வளர்ந்ததால், வகுப்பில் வாத்தியார் பாடம் நடத்தும்போதும் இவன் விரல்கள் பெஞ்சில் அதே தாளத்தைக் கொத்திக்கொண்டிருக்கும்.

படிப்பு முடிந்ததும் எல்லோரும் வேலை தேடிப் போனபோது, இவன் மட்டும் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து ஒரு வி.ஆர். விளையாட்டு செய்ய ஆரம்பித்தான். கண்களை மறைத்துக் கட்டிக்கொள்ளும் அந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் நீங்கள் ஒரு பரோட்டாக் கடைக்குள் நிற்பீர்கள். முன்னால் கல். இரண்டு கைகளிலும் பிடித்திருக்கும் கருவிகள் இரண்டு கொத்துத் தகடுகளாகத் தெரியும். வாடிக்கையாளர்கள் வந்து கேட்கக் கேட்கத் தாளம் தப்பாமல் கொத்தித் தட்டில் தள்ள வேண்டும். கொத்துச் சத்தம் முழுக்க அவன் அப்பா கடையில் பதிவுசெய்தது. நான் முதல் தடவை போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றியபோது எனக்கு நிஜமாகவே பசித்தது.

அதைவிட அழகான வேலை ஒன்றும் அதற்குள் இருந்தது. வாடிக்கையாளர் முன்னால் வந்து, "அண்ணே, ரெண்டு முட்டைக் கொத்து" என்பார். அதை ஏற்றுக்கொள்ள எந்தப் பட்டனையும் அழுத்த வேண்டாம். தலையை ஆட்டினால் போதும், அவர் சிரித்துக்கொண்டே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார். மற்ற விளையாட்டுகளெல்லாம் மேலும் கீழும் ஆட்டினால்தான் 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்ளுமாம். கார்மேகம் தன் விளையாட்டுக்கு நம் ஊர் ஆட்டத்தைப் புரியவைத்திருந்தான். அந்த ஆட்டம் எப்படி இருக்கும் என்று அளவெடுக்க அவன் உட்காரவைத்தது என்னைத்தான். ஒரு மத்தியானம் முழுக்க என்னென்னவோ கேட்டுக்கொண்டே இருந்தான், நான் ஆட்டிக்கொண்டே இருந்தேன். ஆகவே உலகத்தில் வேறு யார் ஆட்டுவது தப்பினாலும், என் கழுத்து எந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்தாலும் அந்த விளையாட்டுக்கு அது 'சரி'. (இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

பெங்களூரில் ஒரு நிறுவனம், புதுசாக விளையாட்டு செய்பவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அது முடிந்து விற்பனைக்கு வரும்வரை ஆதரிப்பதாக அறிவித்திருந்தது. கார்மேகம் விண்ணப்பித்தான், முதல் சுற்றில் தேறியும் விட்டான். அடுத்தது, விளையாடிக் காட்ட வேண்டும். அவன் வீட்டில் இதற்கு ஒரு பேச்சு நடந்திருந்தது. இது அமைந்தால் மதுரையிலேயே இருந்து இந்தத் தொழிலைப் பார்க்கட்டும். அமையாவிட்டால் கோயம்புத்தூரில் சொந்தக்காரர் ஒருவர் சொல்லிவைத்திருக்கும் வேலைக்குப் போய்விட வேண்டும். கடைகளுக்கு பில் போட்டுக் கொடுக்கும் மென்பொருளில் கோளாறு வந்தால் சரிசெய்கிற வேலை. அப்பா கேட்டார், இவனும் ஒப்புக்கொண்டிருந்தான். எப்படி ஒப்புக்கொண்டான் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நிறுவனத்தில் இருப்பவர்கள் யாரும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பார்க்கப் போவதில்லை. ஆபீசில் உட்கார்ந்து ஒரு டி.வி.யில் பார்ப்பார்கள். சிக்கலே அங்கேதான். மாட்டியிருப்பவனுக்குத் தான் தலையைத் திருப்புவது தெரியும், அதனால் கடை அதன் இடத்தில் அசையாமல் நிற்பதாகத்தான் தோன்றும். வெளியே சாதாரணத் திரையில் பார்ப்பவனுக்கு அந்தத் தலைதான் கேமரா. அது கொஞ்சம் ஆடினாலும் கடை மொத்தமும் ஆடும். இதைக் கார்மேகம் எனக்குப் பலமுறை சொன்னான்.

"மாப்ள, ஒந் தலை ஆடுறது ஒனக்குத் தெரியாது. பாக்குறவனுக்குத்தான் கொமட்டும்" என்றான்.

எனக்கு ஏன் சொன்னான் என்றால், விளையாடிக் காட்டும் பொறுப்பை நான் பிடுங்கி வைத்திருந்தேன். அப்போது நான் ஒரு வீடியோ சேனல் நடத்திக்கொண்டிருந்தேன். செல்போன் விளையாட்டுகளை விளையாடிக்கொண்டே வர்ணனை சொல்வது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் என் உறவினர்கள். ஆனாலும் எனக்குக் கணீரென்ற குரல் என்றும், கேமரா என்றால் எனக்குக் கை வந்த கலை என்றும் ஓர் எண்ணம். கார்மேகத்துக்கோ நாலு பேர் முன்னால் பேச வராது, வியர்த்துவிடும். நீ கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பேசுவதற்காகப் போன நான் அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தேன் என்பதுதான் இந்தக் கதை.

பதிவுசெய்த வீடியோவாக அனுப்பினாலும் சரி, நேரலையில் விளையாடிக் காட்டினாலும் சரி என்று நிறுவனம் சொல்லியிருந்தது. பதிவுசெய்து அனுப்பிவிடுவோம், நன்றாக வந்ததை மட்டும் எடுத்து ஒட்டலாம், ஆட்டத்தையும் குறைத்துக்கொள்ளலாம் என்றான் கார்மேகம். நான் ஒரே பிடியாக நின்றேன். நேரலை என்றால்தான் கெத்து, பயந்தவன்தான் பதிவுசெய்து அனுப்புவான் என்றெல்லாம் பேசினேன். இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் எனக்கே என்னை ஓர் அறை விடத் தோன்றுகிறது.

அதோடு விட்டேனா? அவன் இன்னொரு ஏற்பாடும் வைத்திருந்தான். விளையாடுகிறவனை ஒரு செல்போனில் படம்பிடித்து, திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் காட்டுவது. கடை ஆடினால், ஓகோ இவன் தலையை ஆட்டுகிறான் என்று பார்ப்பவருக்குப் புரியும். தலையாட்டினால் ஆர்டர் ஏறுகிற அழகும் அதில்தான் தெரியும். ஒத்திகை பார்த்தோம். கட்டத்தில் என்னைப் பார்த்தேன். புதுச் சட்டையெல்லாம் போட்டிருந்தும், அந்த ஹெட்செட்டோடு, இலவசக் கண் சிகிச்சை முகாமில் ஆபரேஷன் முடிந்து பஸ்ஸுக்காக உட்காரவைத்திருக்கும் ஆள் மாதிரி இருந்தேன். சொந்தக்காரர்களெல்லாம் பார்க்கப் போகிறார்களே என்று எனக்கு மானம் போயிற்று. கட்டமெல்லாம் வேண்டாம், முழுத் திரையிலும் கடையைக் காட்டு, அப்போதுதான் பிரம்மாண்டமாக இருக்கும் என்று தொழில் தெரிந்தவன்போலச் சொன்னேன். கார்மேகம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு செல்போனை ஸ்டாண்டிலிருந்து கழற்றினான். அவன் சுபாவம் அப்படி. இன்னொருவன் உறுதியாகப் பேசினால் அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிவிடுவான்.

அதற்குப் பதிலாகத் தலையை ஆட்டாமல் பழகுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். திருநகரில் எங்கள் வீட்டு ஹால் பெரிசு, இன்டர்நெட்டும் நன்றாக வரும் என்பதால் அங்கேதான் ஏற்பாடு. ஒரு வாரமாகத் தலையில் எவர்சில்வர் தட்டை வைத்து, தட்டின்மேல் தண்ணீர் நிறைந்த டம்ளரை வைத்து, ஹாலில் நடந்தேன். முதலில் சட்டை நனைந்தது. பிறகு சோபா. கடைசியில் ஒரு சொட்டுச் சிந்தாமல் திரும்ப, குனிய, கொத்தப் பழகிவிட்டேன். கார்மேகமே அசந்துபோனான். எங்கள் இருவருக்கும் ஒரு விஷயம் உறைக்கவில்லை. பையன் ஏதோ முக்கியமாகப் பழகுகிறான் என்று அம்மா வீட்டில் ஒருவரையும் பேசவிடவில்லை. அந்த வாரம் முழுக்க யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேள்வி கேட்காதவரை என் தலை நல்ல தலைதான்.

சனிக்கிழமை வந்தது. நேரலையின் சுட்டியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முந்தின நாளே போட்டிருந்தேன். வில்லாபுரத்தில் அக்காவும் மச்சானும் டி.வி.யில் போட்டு உட்கார்ந்திருப்பதாகச் செய்தி வந்தது. மச்சான் அன்றைக்கென்று இட்லியை ஒரு பிடி பிடித்துவிட்டு உட்கார்ந்தாராம். நான் ஹால் நடுவில் ஹெட்செட்டோடு நின்றேன். கார்மேகம் சுவரோரமாக லேப்டாப்பின் முன்னால். என் காதில் பெங்களூர்க்காரர்களின் குரல் கேட்கும், என் குரலும் ஹாலில் பேசுகிற மற்றவர்கள் குரலும் அவர்களுக்குக் கேட்கும். அந்தக் குழுவில் தமிழ் தெரிந்த ஒரு மேடம் இருந்தார். தன்மையான குரல்.

"வணக்கம். நாங்க பேசுறது கேக்குதுங்களா?" என்றார்.

பெரிய இடத்து மேடம், மரியாதையாகக் கேட்கிறார். நான் என்ன செய்தேன்? நல்ல பணிவோடு தலையை ஆட்டினேன்.

என் முன்னால் கல்லுக்கு அந்தப் பக்கம் அப்போதுதான் முதல் வாடிக்கையாளர் வந்து ரெண்டு முட்டைக் கொத்து என்றிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். மேடத்துக்குப் பதில் போகவில்லை. மறுபடியும் கேட்டார். நான் இன்னும் கொஞ்சம் பலமாக ஆட்டினேன். இரண்டாவது வாடிக்கையாளர் உட்கார்ந்தார். ஹலோ, கேக்குதா, ஹலோ என்று மேடம் திரும்பத் திரும்பக் கேட்க, நான் திரும்பத் திரும்ப ஆட்ட, பெஞ்சு நிறைந்துவிட்டது.

"வாயத் தொறந்து பேசுடா" என்று கார்மேகம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் சரி என்று தலையை ஆட்டினேன்.

ஒருவழியாகக் கேக்குதுங்க மேடம் என்று சொல்லிவிட்டுக் கொத்த ஆரம்பித்தேன். தாளமெல்லாம் நன்றாகத்தான் வந்தது. அது மட்டும் போதும் என்று விட்டிருந்தால் ஊர் போய்ச் சேர்ந்திருப்போம். ஆனால் அவர்கள் ஆர்வமாகப் பார்த்தார்கள், அதனால் ஆர்வமாகக் கேட்டார்கள். அதுதான் வினை. கொஞ்சம் இடது பக்கம் காட்ட முடியுங்களா? ஆட்டினேன். அந்த சால்னா அண்டா கிட்ட போகலாமா? ஆட்டினேன். இது நிஜமாவே ஒரு கடையில பதிவு பண்ணின சத்தமா? பெருமையோடு ரொம்ப நேரம் ஆட்டினேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் ஆர்டர் ஏறியது. தட்டுகள் மலைபோலக் குவிந்தன. கல்லில் புகை கிளம்பியது. பெஞ்சிலிருந்தவர்கள் மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

கார்மேகம் அந்த விளையாட்டுக்குள் வேடிக்கைக்காக ஓர் ஆளை ஒளித்துவைத்திருந்தான். கடைசிக் கட்டத்துக்கு வந்த பிறகு, கடை தாங்காது என்கிற நேரமாகப் பார்த்து வருவார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. குரல் கார்மேகம் கொடுத்ததுதான். "அண்ணே, வீட்டுல காதுகுத்து. வேன் வெளிய நிக்கிது. அம்புட்டுப் பேருக்கும் பார்சல்" என்பார். விவரமான யாரும் இவரை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் கோபித்துக்கொண்டு போய்விடுவார், பார்ப்பவர்களும் சிரிப்பார்கள் என்பது அவன் கணக்கு.

நான் இத்தனை ஆர்டரை ஏற்றிவைத்ததில், கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்று விளையாட்டு நினைத்துக்கொண்டு அவரை முன்கூட்டியே அனுப்பிவிட்டது. அவர் வந்து நின்று வேனைப் பற்றிச் சொல்லி முடிக்கவும், அம்மா சமையற்கட்டிலிருந்து ஹாலுக்குள் வந்து, "தம்பி, காபி கலக்கவா?" என்று கேட்கவும் சரியாக இருந்தது.

என் வாழ்க்கையில் அம்மா காபி கலக்கவா என்று கேட்டு நான் தலையாட்டாமல் இருந்ததில்லை.

வேன் உள்ளே வந்துவிட்டது. காதுகுத்து வீட்டாரெல்லாம் திமுதிமுவென்று கடைக்குள் இறங்கினார்கள். வேண்டாம் வேண்டாம் என்று பதறிப்போய்த் தலையை இடமும் வலமுமாக உதறினேன். எந்த உதறலும் என் கழுத்திலிருந்து வந்தால் அதற்குச் 'சரி'தானே? இன்னொரு வேன் வந்தது. ஹெட்செட்டுக்குள் எனக்குக் கூட்டம்தான் தெரிந்தது. வெளியே டி.வி.யில் என்ன தெரிந்தது என்பதைப் பிறகுதான் பதிவில் பார்த்தேன். கல், அண்டா, பெஞ்சு, வேட்டிக்காரர், டியூப் லைட் எல்லாமாகச் சேர்ந்து திரையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தன. யார் எதற்காக ஆட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள மூலையில் ஒரு கட்டம்கூட இல்லை.

அப்போது அம்மாவின் செல்போன் அடித்தது. வில்லாபுரத்திலிருந்து அக்கா. அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். "அம்மா, ஒங்க மருமகன் சாப்பிட்ட இட்லி பூராம் வெளிய வந்துருச்சு. அவன ஆடாம நிக்கச் சொல்லு" என்று அக்கா சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது. ஹாலில் கேட்டால் பெங்களூரிலும் கேட்கும். அங்கே யாரோ சிரிப்பதும், யாரோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போவதும் என் காதில் விழுந்தன.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நேரே என் பக்கத்தில் வந்து நின்று, பெங்களூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாததால் என் நெற்றியைப் பார்த்துப் பேசினாள். "மேடம், தப்பா எடுத்துக்கிறாதீங்க. இவன் சின்னதுலருந்தே இப்புடித்தான். வாயத் தொறக்க மாட்டான், மண்டைய மட்டும் ஆட்டுவான். அந்தப் புள்ள நல்லாத்தான் செஞ்சுருக்கு."

அன்றைக்கு அந்த நேரலையில் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான வாக்கியம் அந்தக் கடைசி வாக்கியம்தான். ஆனால் அதற்குள் டி.வி.யில் பார்க்க முடியாமல் அவர்கள் படத்தை நிறுத்திவிட்டிருந்தார்கள். மேடம் குரல் மட்டும் வந்தது. வருத்தமாகத்தான் கேட்டார்.

"உங்க விளையாட்டே இப்படித்தான் ஆடுங்களா?"

இல்லைங்க மேடம், ஆடுவது என் தலை, விளையாட்டு தங்கம் மாதிரி இருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடம் அது. மதுரையில் இருக்கப்போகிறானா கோயம்புத்தூருக்குப் போகப்போகிறானா என்று ஒருவனுக்கு முடிவாகிற இடம். வழக்கம்போலத் தலைதான் அசைந்தது. கார்மேகம் எழுந்து வந்து, வியர்த்து வழிய, தட்டுத் தடுமாறி ஏதோ சொன்னான். இவரு தலைதாங்க அது, நீங்க பாக்கலைங்க, தலையாட்டுனா ஆர்டர் எடுக்கும்ங்க என்றான். படம் இல்லாமல் அதைக் கேட்ட அவர்களுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. சரி, சொல்லி அனுப்புகிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

ஹெட்செட்டைக் கழற்றினேன். ஹால் அசையாமல் நின்றது. அம்மா கலந்து வைத்த காபி ஆறிப்போயிருந்தது.

கார்மேகம் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஒயர்களை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பையில் வைத்தான். அம்மா சோறு போட்டாள், சாப்பிட்டான். மச்சானுக்கு இப்போது பரவாயில்லையா என்றுகூட விசாரித்தான். ஒத்தக்கடைக்கு வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்று சாவியை எடுத்தேன். "வேணாம் மாப்ள, பஸ்ஸுல போறேன்" என்றான். அவன் என் வண்டியில் ஏறாமல் போனது அதுதான் முதல் தடவை. திருமங்கலம் ரோட்டில் பஸ் வரும்வரை நானும் கூடப் போய் நின்றேன்.

பதில் சீக்கிரமே வந்தது. யோசனை புதுமையாக இருக்கிறது, ஆனால் மற்றவர்கள் பார்க்க முடியாத விளையாட்டை மக்களிடம் கொண்டுபோவது கடினம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். கார்மேகம் தானே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, முதலில் நினைத்திருந்தபடியே மூலையில் கட்டம் வைத்து, பொறுமையாகப் பதிவுசெய்து ஒரு வீடியோ அனுப்பினான். நன்றாக இருக்கிறது, இதை முன்னாலேயே அனுப்பியிருக்கலாமே, வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று அந்த மேடம் பதில் போட்டார். அந்தப் பதிலை அவன் எனக்குக் காட்டவில்லை. வேறொரு வேலையாக அவன் லேப்டாப்பைத் திறந்தபோது நானே பார்த்துவிட்டேன். பார்த்ததை அவனிடம் சொல்லவில்லை.

அவன் கோயம்புத்தூருக்குப் போய்விட்டான். பில் போடும் மென்பொருளில் இப்போது அவனுக்குக் கீழே சில பேர் வேலை பார்க்கிறார்கள். நான் சேனலை மூடிவிட்டு ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே போனில் வாயைத் திறந்து பேசியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்தச் சனிக்கிழமை இன்னும் முடியவில்லை. நான் எதற்காவது தலையை ஆட்டினால் போதும், அம்மா, அக்கா, மச்சான் மூன்று பேரும் ஒரே குரலில், "வாயால சொல்லு" என்பார்கள். மச்சான் கூடவே வயிற்றைப் பிடித்துக்கொள்வார். எனக்குப் பெண் பார்க்கப் போனபோது, பெண்ணைப் பிடித்திருக்கிறதா என்று அவர்கள் வீட்டுப் பெரியவர் கேட்டார். எங்கே ஆட்டிவிடுவேனோ என்ற பயத்தில் கழுத்தை இரும்பாக வைத்துக்கொண்டு, "எனக்குப் பரிபூரண சம்மதம்" என்று கூடம் அதிரச் சொன்னேன். பெண் வீட்டார் திடுக்கிட்டார்கள். கழுத்தில் ஏதோ குறை இருக்கிறது, அதனால்தான் திரும்பவில்லை என்று அந்தப் பக்கத்து உறவினர் ஒருவர் இன்றைக்கும் சந்தேகப்படுகிறாராம். கதை தெரிந்த பிறகு என் மனைவியும் அந்தக் குரலோடு சேர்ந்துகொண்டாள். சிரிப்புத்தான். நானும் சிரிக்கிறேன்.

கார்மேகம் கடைசியில் தானே பதிவுசெய்து அனுப்பிய அந்த வீடியோ மட்டும் என் போனில் இருக்கிறது. அவன் ஒரு தடவை ஊருக்கு வந்தபோது எதையோ என் போனுக்கு மாற்றிக் கொடுக்கையில் அதுவும் கூட வந்துவிட்டது. சில சமயம் தனியாக இருக்கும்போது போட்டுப் பார்ப்பேன். கடை அதிராமல் அழகாக நிற்கிறது. "அண்ணே, ரெண்டு முட்டைக் கொத்து" என்கிறார் வாடிக்கையாளர். மூலைக் கட்டத்தில் கார்மேகம், அந்தக் கண்ணைக் கட்டிய கோலத்தில், உதட்டோரம் சிரித்தபடி மெல்லத் தலையைச் சாய்க்கிறான். திரையில் கடை கொஞ்சம் சாய்ந்து நிமிர்கிறது. ஏன் சாய்ந்தது என்று சின்னக் குழந்தைக்கும் புரியும். கண் சிகிச்சை முகாம் ஞாபகமே எனக்கு அதைப் பார்த்தால் வருவதில்லை.

போன பொங்கலுக்கு அவன் வந்திருந்தான். அவன் அப்பா கடையிலேயே போய் உட்கார்ந்தோம். உள்ளே கொத்துச் சத்தம் விழுந்துகொண்டிருந்தது. மேசையில் அவன் விரல்கள் சும்மாதான் கிடந்தன. எனக்கு அதுதான் தாங்கவில்லை. இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"மாப்ள, எம் மேல கோவமாடா?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான். இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் நடுவில், எங்கள் ஊர் ஆட்டம். ஆமாம் என்றும் இருக்கலாம், இல்லை என்றும் இருக்கலாம், அதை இப்போது எதற்குடா பேசுகிறாய் என்றும் இருக்கலாம். அவன் எழுதிய விளையாட்டாக இருந்தால் இந்நேரம் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கும்.

வாயால் சொல்லுடா என்று கேட்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.